பதினாறாம் அலைவரிசை

கைக்கடக்கமான தொலைபேசி ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் குடியேறிவிட்ட இக்காலத்திலே, கடலிற் செல்லும் ஒரு சிறு வள்ளத்துக்கு வானொலிக் கருவி வேறு எதற்கென்று கேட்போர் பலர். கேள்வி நியாயமானதே. விலை கொடுத்து வாங்கவேண்டும். உப்புக்காற்றுப் படாமற் பேணவேண்டும். பேசும் முறையைத் தனியே பயிலவேண்டும். பல நாடுகளில் அதற்கென அனுமதிப்பத்திரமும் பெறவேண்டும். இத்தனை தொல்லையும் எதற்கு? விடை காணப் புகுந்தால், கடலிலே மனிதன் மனிதனோடு பேசக் கற்றுக்கொண்ட கதையைச் சிறிது திரும்பிப் பார்க்கவேண்டியதாகின்றது.

நமது கிராமங்களிலே நள்ளிரவில் ஓலைக்கூரை தீப்பற்றிக்கொண்டால் வீட்டார் என்ன செய்வர்? இன்னாருக்குச் சொல்வோம், அவர் வந்து உதவுவார் என்று ஆளைத் தேடிக்கொண்டிருப்பதில்லை. ஒழுங்கையில் நின்று குரல் கொடுப்பர். வேலிக்கு அப்பால் விழித்திருப்பவர் எவரோ அவர் குடத்தோடு ஓடிவருவார். தொலைபேசி ஓர் ஆளை அழைக்கும் கருவி. கடல் வானொலியோ ஊரைக் கூட்டும் கருவி. கரையிலுள்ள உறவினரின் எண் மனப்பாடமாக இருக்கலாம். ஆனால் இருளிலே இரண்டு மைலுக்கு அப்பால் விளக்கெரியச் செல்கின்ற அந்நியக் கப்பலின் எண்ணை யார் அறிவார்? நம்மை ஏற்றிக் காப்பாற்றக்கூடியது அந்தக் கப்பல்தானே!

ஆனால் ஊரைக் கூட்டும் குரலுக்கு ஒரு நிபந்தனையுண்டு. ஊரிலே எவராவது விழித்திருத்தல் வேண்டும். இவ்வுண்மையை உலகம் கற்றுக்கொண்டது 1912ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 14ஆந் திகதி இரவிலேயாகும்.

டைற்றானிக் கப்பலின் கதையை அறியாதார் இலர். எனினும் அதன் வானொலிப் பக்கத்தைப் பலரும் ஊன்றிப் பார்ப்பதில்லை. அன்றிரவு பனிப்பாறைகளுக்கு அஞ்சிக் கலிபோர்னியன் என்னும் கப்பல் அயலிலே ஓட்டத்தை நிறுத்தி நின்றது. அதில் இருந்த தந்தியாளர் ஒருவரே. சிறில் இவன்ஸ் என்னும் இளைஞர். பனிக்கட்டியால் சூழப்பட்டு நிற்கின்றோம் என்று அவர் டைற்றானிக்குக்கு அறிவித்தார். டைற்றானிக்கின் தந்தியாளர் ஜக் பிலிப்ஸ் அப்பொழுது பிரயாணிகளின் தனிப்பட்ட செய்திகளைக் கரையிலுள்ள நிலையத்துக்கு அனுப்புவதில் மூழ்கியிருந்தார். அருகிலிருந்து வந்த பலத்த ஒலி அவர் காதைத் துளைத்தது. "வாயை மூடு, எனக்கு வேலையிருக்கிறது" என்னும் பொருள்பட மறுமொழி அனுப்பினார். இவன்ஸ் சிறிது நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, காலை முதல் உழைத்த களைப்பினால், இரவு 11.30 மணியளவிற் கருவியை நிறுத்திப் படுக்கைக்குச் சென்றார். டைற்றானிக் பனிப்பாறையில் மோதியது 11.40 மணிக்கு.

மறுபுறத்திலே, 58 கடல் மைலுக்கு அப்பாற் சென்றுகொண்டிருந்த கார்பேதியா கப்பலின் தந்தியாளர் ஹரல்ட் கொட்டமும் படுக்கைக்குப் போகும் தறுவாயிலேயே இருந்தார். முன்னர் அனுப்பிய ஒரு செய்திக்கு மறுமொழி வரக்கூடுமென எதிர்பார்த்து, உடை மாற்றும்போதும் கேட்பொறியைக் காதினின்று கழற்றாதிருந்தார். அபயக்குரல் அவர் காதில் விழுந்தது. கார்பேதியா பனிக்கட்டிகளுக்கிடையே விரைந்து சென்று, படகுகளிலிருந்த எழுநூற்றுக்கு மேற்பட்டோரை ஏற்றியது. ஏறத்தாழ 1,500 பேர் மாண்டனர். கலிபோர்னியன் நின்ற தொலைவு எட்டு முதற் பத்து மைலுக்கு மேற்படாதென்று பிரித்தானிய விசாரணை மன்றம் கண்டது. அதன் தலைவரோ இருபது மைல் வரையென்று கூறினார். எப்படியாயினும் கார்பேதியாவிலும் பன்மடங்கு அண்மையில் நின்ற கப்பலிலே, கேட்க ஒரு காது விழித்திருக்கவில்லை. இவன்ஸைக் குறை கூறுவது நேர்மையன்று. இருபத்துநான்கு மணி நேரமும் ஒருவரே விழித்திருத்தல் ஆகுமா? அவர் விதியெதனையும் மீறினாரல்லர். அப்படியொரு விதி அன்று இருக்கவேயில்லை.

1914இல் லண்டனிற் கூடிய மாநாட்டிலும் அதன் பின்னர் வந்த உடன்படிக்கைகளிலும் அவ்விதி பிறந்தது. இடையறாது கேட்டல் என்பது கப்பலோட்டும் கடமைகளுள் ஒன்றாயிற்று. பேசுவோர் பெருகினால் அபயக்குரல் அமுங்கிவிடுமே என்பதற்காக மௌன நேரமும் வகுக்கப்பட்டது. பழைய கப்பல்களின் வானொலி அறைக் கடிகாரம் ஒன்றை நூதனசாலையிலோ படத்திலோ கண்டால், மாணவர்கள் அதன் முகத்தை உற்று நோக்குக. சிவப்பு வண்ணம் தீட்டிய துண்டுகள் இரண்டும், பச்சை வண்ணத் துண்டுகள் இரண்டும் அதிற் காணப்படும். ஒவ்வொன்றும் மூன்று நிமிட அகலம். சிவப்பு, 500 கிலோஹேர்ட்ஸ் தந்தி அலைக்குரிய மௌனம். மணிக்குப் பதினைந்தாம் நிமிடத்திலும் நாற்பத்தைந்தாம் நிமிடத்திலும் தொடங்கும். பச்சை, 2182 கிலோஹேர்ட்ஸ் பேச்சு அலைக்குரியது; மணி தொடங்கும்போதும் அரை மணியிலும் வரும். அந்த மூன்று நிமிடமும் உலகக் கடல்களிலுள்ள தந்தியாளரெல்லாம் கையை எடுத்துவிட்டுக் காதை மட்டும் கொடுத்திருந்தனர். 1999ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாந் திகதி புதிய பாதுகாப்பு ஏற்பாடு முற்றாக நடைமுறைக்கு வந்ததோடு மோர்ஸ் தந்தியும் அம்மௌனமும் விடைபெற்றன. மௌனம் போனது எனக்குச் சற்று வருத்தமே.

இனி, இன்றைய சிறு வள்ளத்தின் கருவிக்கு வருவோம். அது மிகையுயர் மீடிறன் அலைகளில், ஏறத்தாழ 156 முதல் 162 மெகாஹேர்ட்ஸ் வரையுள்ள எல்லையில் இயங்குவது. ஒவ்வோர் அலைக்கும் எண் கொடுத்திருக்கின்றனர். அவற்றுள் நடுநாயகமானது 16ஆம் அலைவரிசை, 156.8 மெகாஹேர்ட்ஸ். சிட்னிக்கு அப்பாலும் அதுவே, திருகோணமலைக்கு அப்பாலும் அதுவே. அழைப்பும் அபயக்குரலும் அதிற்றான் எழும். ஆகவே வேறு வேலையில்லாத நேரமெல்லாம் கருவி அந்த எண்ணிலேயே கேட்டுக்கொண்டிருக்கவேண்டும்.

இவ்வலைகள் வளைந்து நெடுந்தூரஞ் செல்வனவல்ல. கண்பார்வையைப் போலப் பெரும்பாலும் நேராகவே செல்லும். பூமி உருண்டையாதலால், ஏரியல் எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ அவ்வளவுக்கே குரல் எட்டும். இதற்கு எளிய கணக்கொன்றுண்டு. ஏரியலின் உயரத்தை மீற்றரிற் கொண்டு அதன் வர்க்கமூலத்தை 2.2 ஆற் பெருக்கினால், அதன் வானொலி அடிவானம் கடல் மைலிற் கிடைக்கும். கேட்பவரின் ஏரியலுக்கும் அவ்வாறே கணித்து இரண்டையுங் கூட்டவேண்டும். நான்கு மீற்றர் உயரமுள்ள ஏரியலுக்கு 4.4 கடல் மைல்; அத்தகைய வள்ளங்கள் இரண்டு ஒன்பது மைலளவிலே பேசிக்கொள்ளலாம். நமது நாட்டின் மிக உயரமான கலங்கரை விளக்கம் தேவேந்திரமுனையில் நிற்பது, 49 மீற்றர். அதன் உச்சியில் ஓர் ஏரியலை நாட்டுவதாகக் கற்பனை செய்வோம். நாற்பத்தொன்பதின் வர்க்கமூலம் ஏழு, ஏழை 2.2 ஆற் பெருக்க 15.4 கடல் மைல். நம் வள்ளத்தின் 4.4ஐயும் கூட்டினால் ஏறத்தாழ இருபது. வலுவைக் கூட்டுவதால் இத்தூரம் அவ்வளவாகக் கூடாது. நிலையாகப் பொருத்திய கருவியின் உச்ச வலு 25 வாற்று. கைக்கருவியினது ஐந்து அல்லது ஆறு. ஆயினும் பாய்மர உச்சியில் ஏரியல் உடைய சிறு கருவி, தளத்தோடு ஏரியல் உடைய பெருங் கருவியை வென்றுவிடும். காசைக் கருவியிற் கொட்டுவதிலும் கம்பத்திற் செலவிடுவது புத்திசாலித்தனம்.

கருவியின் முகத்திலே இரைச்சலை அடக்கும் குமிழ் ஒன்றிருக்கும். புதியவர் பெரும்பாலோர் தவறுவது இதிலேதான். இரைச்சல் காதுக்கு இன்னாததாகையால் குமிழை இறுதிவரை திருகிவிடுவர். அறை அமைதியாகிவிடும், அதனோடு தொலைவிலிருந்து வரும் மெலிந்த குரலும் அடங்கிவிடும். இரைச்சல் நிற்கின்ற இடத்திலேயே, அதற்கு ஒரு மயிரிழை கூட அப்பாற் போகாது, குமிழை நிறுத்தல் வேண்டும்.

ஒலிவாங்கியின் பக்கத்திலுள்ள பொத்தானை அழுத்தியிருக்கும்வரை பேசலாம், விட்டால்தான் கேட்கலாம். தொலைபேசியிற் போல இருவரும் ஒருங்கே பேசுதல் இயலாது. ஆதலாற்றான் "ஓவர்" என்னும் சொல் ஏற்பட்டது: என் பேச்சு முடிந்தது, உன் மறுமொழியை எதிர்பார்க்கின்றேன் என்பது அதன் பொருள். "அவுட்" என்றால் உரையாடல் முற்றிற்று, மறுமொழி வேண்டா என்பதாம். திரைப்படங்களிலே வீரர்கள் "ஓவர் அண்ட் அவுட்" என்று முழங்குவதைக் கேட்டிருப்பீர்கள். பதில் சொல், ஆனாற் சொல்லாதே என்பதுபோன்ற பேச்சு அது! பொத்தானை அழுத்தி ஒரு கணம் தாமதித்துப் பேசுக; அன்றேல் முதற்சொல் அறுந்துபோகும். உரக்கக் கத்துவதாற் பயனில்லை. குரல் சிதையுமேயன்றித் தூரஞ் செல்லாது. துறைமுகத்துள் அண்மையிலுள்ளோருடன் பேசும்போது வலுவை ஒரு வாற்றுக்குக் குறைத்துக்கொள்வது பண்பு.

இன்னுமொன்று. ஒலிவாங்கியை இருக்கையில் எறிந்துவிட்டு அதன்மேல் அமர்ந்துவிடுவோர் உளர். பொத்தான் அழுந்திக் கிடக்க, அவ்வள்ளத்தின் சமையற் பேச்சும் சச்சரவும் சுற்றுவட்டாரமெங்கும் ஒலிபரப்பாகும். நகைப்புக்குரியதாகத் தோன்றினாலும் இது நகைப்புக்குரியதன்று. 16ஆம் அலைவரிசையில் இவ்வாறு நேர்ந்தால், அயலில் மூழ்கிக்கொண்டிருப்பவனின் குரலை மற்றவர் கேட்கமுடியாது. தன் கருவியோ அனுப்பும் நிலையிலிருப்பதால், தவறு செய்தவருக்கு எவரும் எடுத்துச் சொல்லவும் வழியில்லை. ஒலிவாங்கியை அதற்குரிய கொளுக்கியில் மாட்டும் பழக்கத்தைச் சிறுவர்க்கும் முதல்நாளே பழக்கிவிடவேண்டும்.

சாதாரண அழைப்பு எளியது. அழைக்கப்படும் கலத்தின் பெயர், பின் நம் பெயர். மறுமொழி கிடைத்தவுடன் வேறோர் அலைவரிசைக்கு, 6 அல்லது 72 போன்றதற்கு, மாறிக்கொண்டு அங்கே ஊர்க்கதை பேசலாம். எழுத்துக்களைச் சொல்லநேர்ந்தால் 1956 முதல் வழங்கும் அல்பா, பிராவோ, சார்ளி என்னும் வரிசை உதவும்.

போட்டியிற் செல்வோரிடையேயும் ஒரு குரல் எவ்வளவு செய்யவல்லது என்பதற்கு 1998ஆம் ஆண்டின் சிட்னி – ஹோபார்ட் பாய்க்கலப் போட்டி சான்று. டிசம்பர் 26ஆந் திகதி 115 கலங்கள் சிட்னித் துறைமுகத்தை விட்டுத் தெற்கே புறப்பட்டன. மறுநாள் பாஸ் நீரிணையில் வானிலை அறிக்கை கூறியதினும் மிகக் கொடிய புயல் அவற்றை எதிர்கொண்டது. அப்போட்டியிலே குறித்த நேரங்களில் வானொலி முறைவரிசையொன்று நடைபெறும். உடன்சென்ற யங் எண்டெவர் என்னும் கப்பல் ஒவ்வொரு கலத்தின் பெயராக அழைக்க, ஒவ்வொன்றும் தான் நிற்கும் இடத்தை மட்டும் கூறும். வகுப்பிலே ஆசிரியர் இடாப்புக் கூப்பிடுவதை ஒத்தது அது. தான் காணும் காற்றைப் பற்றி எவரும் வாய்திறப்பதில்லை. போட்டியாளனுக்கு அனுகூலமான செய்தியை வலியச் சென்று கொடுப்பார் யார்?

அன்று பிற்பகல் இரண்டு மணி முறைவரிசையிலே சுவோர்ட் ஒவ் ஓரியன் என்னும் கலம் அவ்வழக்கத்தை உடைத்தது. தாம் நிற்குமிடத்திலே காற்று ஐம்பது அறுபது நொட்டுக்கு மேல் வீசுவதாகவும், வீச்சு ஏறத்தாழ எண்பது நொட்டை எட்டுவதாகவும் எல்லோருங் கேட்க அறிவித்தது. எண்பது நொட் என்பது மணிக்கு 148 கிலோமீற்றர். பின்னே வந்துகொண்டிருந்த கலங்களிற் சில அதனைக் கேட்டே போட்டியை விட்டுக் கரைக்குத் திரும்பின. அறிவித்த கலமோ தப்பவில்லை. அதுவும் திரும்பும் வழியிற் பேரலையாற் புரட்டப்பட்டது. அதிலிருந்த பிரித்தானிய ஒலிம்பிக் பாய்க்கல வீரர் கிளின் சார்ள்ஸ் கடலில் வீசப்பட்டு மாண்டார். அப்போட்டியில் ஆறு பேர் இறந்தனர். ஐந்து கலங்கள் மூழ்கின. ஐம்பத்தைந்து பேர் மீட்கப்பட்டனர். ஹோபார்ட்டை அடைந்தவை 44 கலங்களே. திரும்பிச் சென்ற கலங்களிலே எத்தனை உயிர்கள் அவ்வொரு வாக்கியத்தால் எஞ்சின என்பதைக் கணக்கிட எவராலும் முடியாது. பின்னாளில், நீரிணைக்குட் புகுமுன் கிரீன் கேப் என்னும் முனையருகே ஒவ்வொரு கலமும் தன் வானொலி, உயிர்காப்புத் தெப்பம், ஆட்களின் நிலை யாவும் செம்மையென வானொலியில் அறிவித்தல் கட்டாயமாக்கப்பட்டது.

அபயக்குரலாகிய "மேடே" என்னும் சொல்லின் பிறப்பும் சுவையானது. தந்திக்கு எஸ்.ஓ.எஸ். என்னும் குறி 1906ஆம் ஆண்டு பேர்லின் மாநாட்டிலேயே ஏற்கப்பட்டுவிட்டது. ஆனால் வாயாற் பேசும் வானொலி வந்தபோது எஸ் என்னும் எழுத்து இரைச்சலிற் கரைந்துபோயிற்று. 1920களில் லண்டனின் குரொய்டன் விமான நிலையத்தில் வானொலி அதிகாரியாகவிருந்த பிரெடெரிக் மொக்போர்ட் என்பார், பாரிஸ் விமானிகளுக்கும் ஆங்கில விமானிகளுக்கும் ஒருங்கே விளங்கும் சொல்லைத் தேடினார். "எனக்கு உதவுக" என்னும் பொருளுடைய பிரெஞ்சுத் தொடரின் ஒலியை ஒட்டி அதனை அமைத்தார். 1927இல் வாஷிங்டன் மாநாடு அதனை உலகுக்குரியதாக்கியது. உயிருக்கோ கலத்துக்கோ உடனடிப் பேராபத்து நேர்ந்தாலொழிய அதனை உச்சரித்தல் ஆகாது. இயந்திரம் நின்று வள்ளம் இழுபடுகின்றது, ஆயினும் மூழ்கவில்லை என்றால் "பான் பான்" என்று மும்முறை கூறுவது முறை. மிதக்கும் மரக்குற்றியைப் பற்றியோ வரும் புயலைப் பற்றியோ பிறரை எச்சரிப்பதற்கு "செக்குரிற்றே" என்பர். விளையாட்டுக்கு மேடே கூறுவது நாடுகள்தோறும் தண்டனைக்குரிய குற்றம்.

இப்பொழுது கருவிகளில் மூடியிட்ட சிவப்புப் பொத்தான் ஒன்றும் உண்டு. மூடியைத் திறந்து சில வினாடி அழுத்திப் பிடித்தால், 70ஆம் அலைவரிசையினூடாக, கலத்தின் ஒன்பது இலக்க அடையாள எண்ணும், செய்மதி வழிகாட்டியோடு இணைத்திருந்தால் நிற்குமிடமும் தாமே செல்லும். சுற்றியுள்ள அவ்வகைக் கருவிகளெல்லாம் மணியடித்து எழுப்பும். இவன்ஸ் உறங்கினாலும் இன்று அவர் கருவி உறங்காது! இலங்கைக் கலங்களின் எண் 417 என்று தொடங்கும். ஆயினும் எண்ணைப் பதியாமலும், வழிகாட்டியோடு இணைக்காமலும் கருவியைப் பொருத்தி வைத்திருந்தால் பொத்தான் அலங்காரமே. பொத்தானை அழுத்தியபின் வாயாலும் கூறவே வேண்டும். 16ஆம் அலைவரிசையைக் காதாற் கேட்கும் கடமையும் இன்னும் ஒழிக்கப்படவில்லை. உயர வரும் ஹெலிகொப்டரும் மீட்புப் படகும் அக்குரல் வரும் திசையைத் தம் கருவியால் அளந்து அதனையே பற்றிக்கொண்டு வரக்கூடும்.

கலத்தின் தலைவர் மயங்கி வீழ்ந்தால் கருவியை எடுக்கவேண்டியவர் மனைவியோ பன்னிரண்டு வயது மகனோ ஆகலாம். அந்நேரத்திற் புத்தகம் தேட நேரமிராது. ஆகவே கூறவேண்டிய சொற்களை ஓர் அட்டையில் எழுதிக் கருவிக்கு அருகே ஒட்டிவைப்பது வழக்கம். தாரகை என்னும் பெயருள்ள வள்ளமாயின் அட்டை இவ்வாறிருக்கும்:

"மேடே, மேடே, மேடே. இது தாரகை, தாரகை, தாரகை. மேடே, தாரகை. பருத்தித்துறைக் கலங்கரை விளக்கத்துக்கு வடகிழக்கே ஏழு கடல் மைல். நீர் புகுந்து மூழ்குகின்றோம். உடனே உதவி வேண்டும். ஐந்து பேர் இருக்கின்றோம். உயிர்காப்பு அங்கி அணிந்துள்ளோம். ஓவர்."

அந்நியக் கப்பல்களுக்கும் விளங்கும்படி ஆங்கிலத்திற் கூறப் பழகியிருப்பது நன்று. அது வராவிடின் மேடே என்னும் சொல்லையும் இடத்தையும் முதலிற் கூறிவிட்டு, மிகுதியைத் தாய்மொழியிற் சொல்லத் தயங்கவேண்டாம். கருவி இடையில் நின்றுவிடக்கூடுமாதலால் இடம் எப்பொழுதும் முன்னே நிற்கவேண்டும். எத்தனை பேர் என்பதைப் பதற்றத்திற் பலர் விட்டுவிடுகின்றனர். விடலாகாது. ஐந்து என்று கேட்ட மீட்பாளர், நால்வரைத் தூக்கியெடுத்த பின்னரும் விளக்கை அணைக்காமல் அலைகளைத் துழாவிக்கொண்டேயிருப்பர்.